கல்வராயனில் நாலு மூட்டைப் புளி

மலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னது என் இடது முழங்கால் மட்டும்தான். மற்றபடி எல்லாம் சாதகமாக இருந்தது. கடையில் புளி தீர்ந்துகொண்டிருந்தது. மனைவி மெஹர் நைனார்பாளையத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து கொளஞ்சி மூன்று முறை போன் செய்துவிட்டார். "பாய், மரம் உலுக்கப் போறோம். இந்த வாட்டி ஏஜெண்டு வேணாம். நீங்களே வந்து எட போட்டு எடுத்துக்கினு போங்க" என்றார்.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் சின்ன மளிகைக் கடை. வீடு வடக்கனந்தலில். மாடியில் ஓர் அறை, மகளைப் பண்ருட்டியில் கட்டிக்கொடுத்த பிறகு சும்மா கிடக்கிறது. அதன் ஜன்னலில் நின்றால் மலை ஒரு நீலக் கோடாகத் தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் தெருவில் மலையேறியவர்கள் குறைவு. என் மச்சான் இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தான், அங்கே அவன் பார்த்தது ஒரு குடோனை மட்டும்தான். வெளிநாடு போய் வந்த கதை சொல்ல என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று நான் அவனிடம் சொல்வதுண்டு.

வியாழக்கிழமை காலை கச்சிராயபாளையத்தில் இரண்டு போண்டாவும் ஒரு டீயும் சாப்பிட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். பையில் மாற்றுத் துணி, முழங்கால் தைலம், புதிதாக வாங்கிய எலெக்ட்ரானிக் தொங்கு தராசு. கோமுகி அணையைத் தாண்டி மூன்றாவது வளைவில் பஸ் புகைவிட்டு நின்றது. டிரைவர் எதுவும் நடக்காததுபோல் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். பயணிகளும் எதுவும் நடக்காததுபோல் இறங்கி ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார்கள். கள்ளக்குறிச்சியாக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் குடும்பத்தையே தெருவுக்கு இழுத்திருப்போம்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போன வருசம் இந்த பஸ்சுல நிக்க எடம் கெடைக்காது. இப்ப பாரு, சீட்டு சீட்டா காலியா கெடக்குது."

"ஆளு இருந்தாத்தானே ஏறுவாங்க. எல்லாம் குடகுல மெளகு பறிச்சிக்கினு கீது."

அப்போது நாலைந்து பெரிய பைக்குகள் வந்து நின்றன. அருவி பார்க்க வந்த நகரத்துப் பிள்ளைகள். புகைவிடும் பஸ்ஸோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் மரியாதையாகவே என்னிடம், "சார், இங்க ட்ரைபல்ஸ் எல்லாம் எந்தப் பக்கம் இருப்பாங்க?" என்று கேட்டான். கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி, "மேல போங்க தம்பி, இருப்பாங்க" என்றாள். பையன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். சுவர் முழுக்கச் சிரிப்பு ஓடியது. மலையில் நான் இருந்த நாலு நாளில் ஆள் சேர்ந்து சிரித்ததைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த மலைப் பழங்குடிக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். கொளஞ்சியின் தாத்தா ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் ஏர் ஓட்டியவர். அப்பா சடையன், என் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கடுக்காயும் தேனும் புளியும் சாமையும் விற்றவர். அத்தா அவரை வயது பார்க்காமல் 'வாடா சடையா' என்றுதான் கூப்பிடுவார். நான் கொளஞ்சியை 'வாங்க' என்கிறேன். அதற்குமேல் என் பெருந்தன்மை வளர்ந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிமலையில் கொளஞ்சி பைக்கோடு நின்றார். நாற்பத்தைந்து வயதுக்கு ஐம்பத்தைந்து என்று சொல்லலாம். பைக் போகிற வரை போய், பிறகு அரை மணி நேரம் நடந்தோம். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது ரிசார்ட் கட்ட இடம் கேட்டு வந்துவிடுவார்கள். ஏற்கனவே வழியில் இரண்டு கம்பி வேலி பார்த்தேன். உள்ளே செடி ஒன்றும் இல்லை, சொந்தக்காரரின் போன் நம்பர் மட்டும் பெரிதாக எழுதியிருந்தது.

ஊரில் இருபது வீடு இருக்கும். பதினாலில் பூட்டு. எங்கள் தெருவில் பகலில் எந்த வீடும் பூட்டியிருக்காது, ஆட்டைத் துரத்தத்தான் கதவைச் சாத்துவோம். இங்கே ஒரு பூட்டின்மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் பூட்டுக்கும் வக்கில்லை, கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் சாமைச் சோற்றை எதிர்பார்த்தேன். கல்யாணமான புதிதில் அத்தாவோடு வந்தபோது சடையன் வீட்டில் சாப்பிட்ட சாமைச் சோறும் கொள்ளு ரசமும் இன்னும் நாக்கில் இருக்கிறது. தட்டில் விழுந்தது ரேஷன் அரிசிச் சோறும் முருங்கைக்கீரையும். வாய் சும்மா இருக்காமல், "சாமை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

கொளஞ்சியின் மனைவி அலமேலு கரண்டியோடு நின்றாள். "சாமையா? அது உங்க கடையிலதானே பாய் இருக்குது, பாக்கெட்டுல" என்றாள்.

உண்மைதான். சிறுதானியம் என்று வண்ணப் படம் போட்ட பாக்கெட். சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்குகிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சாப்பிட்டபடியே கொளஞ்சி விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை குடகு எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்ற மேஸ்திரியின் வேன் வருகிறது. மிளகுப் பருவத்துக்கு இந்த ஒரு வேன்தான். இதை விட்டால் அடுத்த மழை வரை வேலை இல்லை. ஆனால் திங்கட்கிழமை மகள் சத்யாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது. அந்த ஊரில் பிளஸ் டூ வரை வந்த முதல் பெண். பரீட்சை எழுத வேண்டிய பள்ளிக்கூடம் கச்சிராயபாளையத்தில்.

"புளி பத்து மூட்ட தேறிச்சின்னா மெளகுக்குப் போவல பாய். வூட்லயே இருந்துருவோம். கொறஞ்சா போயித்தான் ஆவணும். ஊர்ல மீதி இருக்கறது கெழடுங்கதான், வயசுப் பொண்ண யார நம்பி வுட்டுட்டுப் போறது? ஹாஸ்டல்லயும் எடம் இல்லன்னுட்டாங்க."

சத்யாவைப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்து இதயத்தின் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஹால் டிக்கெட் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொகுப்பு வீட்டின் ஒழுகாத ஒரே மூலையில் ஆணியில் தொங்கியது. பத்து மூட்டை என்பது என் மனதிலும் ஏறிக்கொண்டது. கடைக்காரன் என்ற முறையில் இல்லை, சத்தியமாக.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மரத்துக்குப் போனோம். கொளஞ்சி மேலே ஏறிக் கிளை கிளையாக உலுக்கினார். நாங்கள் கீழே பொறுக்கினோம். ஒரு மரத்துக்கு நாலு ஆள் ஏறுவார்களாம் முன்பு. இப்போது அவர்களுடைய மூன்று மரத்துக்கும் கொளஞ்சி ஒருவர்தான். பழம் கொட்டுகிற சத்தத்தை வைத்தே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொட்டவில்லை, உதிர்ந்தது. பூவெடுத்த சமயத்தில் பெய்த மழை பிஞ்சையெல்லாம் அடித்துப் போட்டிருந்தது. ஓடையோரத்துப் பெரிய மரங்களைக் காட்டி, அவற்றில் ஏறலாமே என்றேன். அவற்றை வெளியூர்க்காரர் யாரோ குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்றாள் அலமேலு. சடையன் ஏறிய மரங்கள் அவை.

ஜும்மா தொழுகைக்கு வழியில்லை. ஒரு பாறைமேல் மதியத்து லுஹர் தொழுதுவிட்டு மரவள்ளிக் கொல்லையைப் பார்க்கப் போனேன். சரிவு முழுக்கச் சிவந்த மண், நடுநடுவே குச்சி குச்சியாகச் செடி. கிழங்கு வந்த புதிதில் லாரி ஊர் எல்லைக்கே வந்ததாம். எல்லா வீட்டிலும் டிவி வந்தது, பைக் வந்தது, மலைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று கீழே நாங்களும் பேசினோம். பிறகு மழைக்கு மழை மேல்மண் இறங்கி ஓடையில் போனது. கிழங்கு சிறுத்தது. மாவுச்சத்துக்கு மில்லில் பாயிண்ட் போடுவார்கள், பாயிண்ட் கம்மி என்று விலையை இறக்கினார்கள். இப்போது லாரியும் வருவதில்லை. மறுபடி சாமை போடலாமே என்றேன், பெரிய விவசாய ஆபீசர் மாதிரி.

"வெரல வச்சிப் பாருங்க பாய், மண்ணு எவ்ளோ கீதுன்னு" என்றார் கொளஞ்சி.

வைத்துப் பார்த்தேன். விரலில் பாதிகூட இறங்கவில்லை, கீழே கல்.

"உங்க அப்பா காலம் தேவலையா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்பவும் கஷ்டந்தான். அப்ப பசி இருந்துச்சி, ஊரு இருந்துச்சி. இப்ப பசி இல்ல பாய், அரிசி குடுக்கறாங்க. ஊருதான் இல்ல."

நான் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை ஓடு உடைத்தோம். நான் உடைத்ததில் பாதி ஓடு புளியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சத்யா என் குவியலைத் திரும்ப எடுத்து ஆய்ந்தாள்.

சனிக்கிழமை காலை எடை. இந்த ஊரில் எடை போடுவதில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவன் தராசைத் தூக்கியதும் விற்பவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். முள்ளைப் பார்த்தால், வீட்டுக்கு வந்தவனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். அத்தா இதைப் பற்றிக் கீழே வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். 'வெள்ளந்தி ஜனம்' என்பார். அத்தா கெட்டவர் இல்லை, ஐந்து வேளை தொழுதவர். ஆனால் தூக்குத் தராசின் முள்ளுக்குப் பக்கத்தில் அவருடைய சுண்டுவிரல் எப்போதும் கொஞ்சம் ஓய்வெடுக்கும். அதுபோக, ஓடு, தூசி என்று சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடிப்பார். மலையேறிய வியாபாரிகளில் எல்லாச் சாதியும் இருந்தது, விரல் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த விரல்தான் வடக்கனந்தலில் எங்களுக்கு வீடு கட்டியது. மாடி அறையையும் சேர்த்து.

அதனால்தான் எலெக்ட்ரானிக் தராசு வாங்கினேன். அதில் விரலுக்கு வேலை இல்லை. பலாமரக் கிளையில் மாட்டி முதல் மூட்டையைத் தொங்கவிட்டேன். கொளஞ்சி வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தார். அலமேலுவும் திரும்பிக்கொண்டாள். சத்யா மட்டும் திரும்பவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று சிவப்பு எண்களை வாய்க்குள் படித்தாள்.

நாலு மூட்டை தேறியது. நாலாவது மூட்டை வாய் கட்ட வேண்டிய அளவுக்குக்கூட இல்லை. சத்யா எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே புத்தகங்களை அடுக்குகிற சத்தம் கேட்டது.

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. "கழிவு கிடையாது கொளஞ்சி. வெலையும் மார்க்கெட்ட விட ஜாஸ்தி போட்டுத் தர்றேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "கழிவு போடுங்க பாய். போடாம எப்படி? உங்க அத்தா போடுவாரு."

"அத்தா செஞ்சது தப்புங்க. விரல் வெச்சி அமுக்குவாரு. உங்களுக்குத் தெரியாது."

"தெரியுமே" என்றார் கொளஞ்சி, சாதாரணமாக. "எங்கப்பாவுக்கும் தெரியும். மலையேறி வந்த மனுசன், அவருக்கும் புள்ளகுட்டி கீது, வெறுங்கையா போவக் கூடாதுன்னுதான் அப்பா அந்தாண்ட பாப்பாரு. பாத்துட்டா, அப்புறம் அவரால எடுக்க முடியாதுல்ல."

நான் தராசைக் கிளையிலிருந்து கழற்றினேன். கொக்கி இரண்டு தடவை தவறியது. வெள்ளந்தி ஜனம் என்று நாங்கள் இரண்டு தலைமுறையாகச் சிரித்தோம். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு போட வைத்துத்தான் அவர் என்னை விட்டார். அதிக விலையையும் வாங்க மறுத்துவிட்டார், அது பிச்சை மாதிரி இருக்கிறதாம்.

மத்தியானம் வேகவைத்த கிழங்கும் மிளகாய்த் துவையலும். அலமேலு தண்ணீர்ச் செம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "உங்க பொண்ணு கட்டிக்கினு போனப்புறம் மேல் ரூமு சும்மாத்தான் கெடக்குதா பாய்?" என்றாள்.

அவர்கள் எதையும் கேட்டு வாங்குகிறவர்கள் இல்லை. இதுதான் அவர்கள் கேட்கிற விதம் என்று எனக்குப் புரிந்தது. என் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். மூன்று வாரம். ஒரு பாய், ஒரு தலையணை, மூன்று வேளை சோறு. இதெல்லாம் எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. அதோடு சேர்ந்து மற்றதும் வந்தது. அடுத்தவர் வீட்டுப் பெண் குழந்தை, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, தெருவில் என்ன பேசுவார்கள், மெஹர் என்ன சொல்வாள்.

"வாடகைக்கு வுடலாம்னு பாத்துகினு இருக்கோம்" என்றேன். "ஆளு பாத்தாச்சி. இந்த வாரம் வர்றாங்க."

யாருக்கும் வாடகைக்கு விடுவதாக இல்லை. அப்படி ஒரு பேச்சே எங்கள் வீட்டில் வந்ததில்லை.

அலமேலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொளஞ்சியும் திருப்பிக்கொண்டார். காலையில் தராசுக்குத் திரும்பிய அதே பக்கம். நான் கிழங்கைத் தின்று முடித்தேன். அவமானத்தில் தொண்டை அடைக்கும் என்பார்கள், எனக்கு நன்றாகவே இறங்கியது. அதை இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வரவில்லை, வழக்கம்போல் காரணமும் வரவில்லை. கடைசியில் மேஸ்திரியின் வேனிலேயே என் நாலு மூட்டையும் நானும் ஏறினோம். வேனில் இரண்டு குடும்பம், தட்டுமுட்டுச் சாமான், ஒரு குடத்துக்குள் போர்வை. மேஸ்திரி ஒருமுறை தலைகளை எண்ணிவிட்டுப் போனில் கன்னடத்தில் பேசினான். எனக்குத் தெரிந்த அரைக் கன்னடத்தில், ஏழு பேர் வருகிறார்கள், ஒரு சின்னப் பெண்ணும் இருக்கிறாள், கை வேகமாக ஓடும் என்று அவன் சொன்னதாகப் பட்டது. சத்யா புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பள்ளிக்கூடப் பை.

பேச்சுக்காக, "ஹால் டிக்கெட் எடுத்துக்கினியாம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்கு அங்க இன்னா வேல பாய்" என்றாள். பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கச்சிராயபாளையத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வேன் வந்தது. கேட்டில் பரீட்சைக்கான தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வேனில் எல்லோரும் பார்த்தார்கள், சத்யாவைத் தவிர.

என் வீட்டு வாசலில் மூட்டைகளை இறக்கினார்கள். கீழ்க்கதவில் பூட்டு, மெஹர் இன்னும் வந்திருக்கவில்லை. கொளஞ்சி நாலு மூட்டையையும் தானே தூக்கிப் படியில் அடுக்கினார். அலமேலு வாசல் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். கொளஞ்சியும் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது. மகளின் பழைய கட்டில் அங்கிருந்தே தெரிந்தது. சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. மேஸ்திரி டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு பீடி குடிக்கும் நேரம் இருந்தது. நான் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"வர்றோம் பாய்" என்றார் கொளஞ்சி.

மெஹர் மத்தியானம் வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், பொய்யை மட்டும் விட்டுவிட்டு. அவள் புர்காவைக்கூடக் கழற்றவில்லை. "அந்தப் புள்ளைய இங்க வுட்டுட்டுப் போவச் சொல்றதுதானே? ரூமு சும்மாத்தானே கெடக்கு. எனக்கும் ஒரு தொண ஆச்சி" என்றாள்.

கொளஞ்சியின் போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் அடித்தேன், ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு அடித்தேன். மேஸ்திரியின் நம்பரை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை கடைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. பிள்ளைகள் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் கடைக்குப் போய் புளியைக் கால் கிலோ கால் கிலோவாகக் கட்டினேன்.

வியாழக்கிழமை கொளஞ்சியே கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவே, புளி எப்படிப் போகிறது, ஓடு ஜாஸ்தி இருந்ததா, நஷ்டம் இல்லையே என்று விசாரித்தார். நான் சத்யாவைப் பற்றிக் கேட்டேன். மிளகு பறித்துக்கொண்டிருக்கிறாள், ஏணியில் நன்றாக ஏறுகிறாள் என்றார். பிறகு, முக்கியமான ஒன்றை மறந்துவிட்டவர்போல், "மேல் ரூமுக்கு ஆளு வந்துட்டாங்களா பாய்?" என்று கேட்டார்.

அதில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

"இன்னும் வர்ல" என்றேன்.

"வருவாங்க பாய்" என்றார். "கீழேர்ந்து பாத்தேன். நல்ல ரூமு."